வான்படமும் சுருக்குமுறையும்

விழா மலர் ஒன்று கைக்கு வந்தவுடன், அதிலுள்ள கட்டுரைகளைப் பின்னர்ப் படிக்கலாமென ஒதுக்கி வைப்போர் பலர். ஆயின், பழைய வகுப்புப் படத்திலே தம் முகத்தையும் தம்முடன் பயின்றோர் முகத்தையும் தேடிப் பாராது மலரை மூடி வைப்போர் ஒருவரும் இலர். எழுத்து மறந்தவிடத்தும் படம் நினைவூட்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. முன்னாளிலே முக்காலியிற் கமராவை நிறுத்தி, ஆசிரியரை நடுவே அமர்த்தி, மாணவரை வரிசையாக நிற்கச் செய்து எடுத்த படம் ஒன்றே ஓராண்டின் வரலாறாய் விளங்கிற்று. இந்நாளிலோ ஆளில்லாச் சிறு விமானமாகிய ட்ரோன், பள்ளிக் கூரைக்கு மேலெழுந்து, மைதானத்தையும் வீதியையும் கடலையும் ஒருங்கே படம்பிடித்துக்கொண்டு இறங்குகின்றது. விழாக் குழுவினரும், ஆலய பரிபாலன சபையினரும், விளையாட்டுக் கழகத்தினரும் இப்புதுமையை விரும்பி ஏற்றுள்ளனர். அது வரவேற்கத்தக்கதே.

நிற்க. படம் பிடிப்பதிலே காட்டும் ஊக்கத்தில் நாலிலொரு பங்கினையேனும், பிடித்த படத்தைப் பேணுவதிலே நாம் காட்டுகின்றோமா? காணொளியைச் சுருக்கி எழுதும் முறைகள் பலவுள. எச்.264 என்பர், எச்.265 என்பர், புரோரெஸ் என்பர், ஏ.வி.1 என்பர். இவற்றுள் எது சிறந்தது என்னும் விவாதம் இளைஞரிடையே ஓயாது நிகழ்கின்றது. எம்மிடம் கேட்பின், வினாவே சற்றுப் பிழைபட்டதென்போம். பிடிப்பதற்கு ஒன்று பொருந்தும். தொகுப்பதற்கு மற்றொன்று பொருந்தும். பலர்க்கும் வழங்குவதற்கு வேறொன்று பொருந்தும். ஆனால், பாதுகாப்பதற்கு உரியது கமரா முதன்முதலில் எழுதிய மூலக் கோப்பு ஒன்றே. அதனை எக்காரணங்கொண்டும் மீண்டும் சுருக்குதல் கூடாது. இக்கருத்தினை நிலைநாட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லிங்கநகரிலே வாழும் எமக்கு இவ்விடயம் வெறும் இயந்திர நுட்பமாகத் தோன்றவில்லை. எமது அயலிலே உலகோர் போற்றும் இயற்கைத் துறைமுகம் கிடக்கின்றது. கிழக்கே சுவாமிமலை செங்குத்தாய்க் கடலினின்றும் எழுந்து நிற்கின்றது. அம்மலைமீதிருந்த பெருங்கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் இடித்து, அக்கற்களைக் கோட்டை கட்டுதற்குப் பயன்படுத்தினர். இன்று பிரெட்றிக் கோட்டை என வழங்கும் அவ்விடத்து வாயிலிலே, எழுத்துகள் பல சிதைந்த கல்வெட்டொன்றை எவரும் காணலாம். எஞ்சிய எழுத்துகளைக் கொண்டு விடுபட்டவற்றை அறிஞர் ஊகித்து நிரப்பினர். ஊகம் எத்துணை நுண்ணியதாயினும் ஊகமே. கல்லில் இருந்தது எதுவோ அதுவாகாது. 1956 ஆம் ஆண்டிலே ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இக்கடலில் மூழ்கிக் கோயிற் சிதைவுகளைக் கண்டனர். அதனைக் கிளார்க் 1957 இல் நூலாக எழுதினார். வில்சன் 1962 இல் ‘ரன் முத்து தூவ’ என்னும் வண்ணத் திரைப்படத்தை வெளியிட்டபொழுது, கடலடிக் காட்சிகளைத் திருகோணமலையிலே படமாக்கினார். அக்காலத்துப் படச்சுருளிலே காட்சி கண்ணாற் காணத்தக்க வடிவில் இருந்தது. வெளிச்சத்தின்முன் பிடித்தால் உள்ளே இருப்பது யாதென்பது தெரியும். இக்காலத்துக் காணொளியோ வெறும் எண்களின் அடுக்கு. அவ்வெண்களுள் எவற்றைக் கமரா எழுதிற்று, எவற்றை எறிந்துவிட்டது என்பதை வெளியிலிருந்து பார்ப்போர் அறியார். ஆதலின், அதனை அறிந்துகொள்ளுதல் நம் கடனாகின்றது.

முதற்கண், சுருக்குதல் ஏன் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நான்காயிரக் காணொளி என வழங்கும் அளவிலே ஒரு சட்டகத்தின் அகலம் 3,840 புள்ளிகள்; உயரம் 2,160 புள்ளிகள். இரண்டையும் பெருக்கின் 82,94,400 புள்ளிகளாகும். புள்ளியொன்றின் செம்மை, பசுமை, நீலம் ஆகியவற்றிற்கு ஒவ்வொரு பைற் வீதம் மூன்று பைற் கொடுப்பின், ஒரு சட்டகத்துக்கு ஏறத்தாழ 25 மெகாபைற் செல்லும். செக்கனுக்கு 30 சட்டகமாயின் 746 மெகாபைற். ஒரு நிமிடத்துக்கு 44 கிகாபைற்றுக்கு மேல். கையளவு விமானமொன்று சுமக்கும் நகத்தளவு நினைவகத் தகடு இதனைத் தாங்காது. 2016 இல் வெளிவந்த டீ.ஜே.ஐ. பாண்டம் 4 செக்கனுக்கு 60 மெகாபிற் அளவிலேயே எழுதிற்று. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த பாண்டம் 4 புரோ 100 மெகாபிற்றாக அதனை உயர்த்தி, எச்.265 முறையினையும் சேர்த்தது. 2021 இல் வந்த மவிக் 3, அவ்வளவை 200 மெகாபிற்றாக்கிற்று. 100 மெகாபிற் என்பது பன்னிரண்டரை மெகாபைற். 746 இருந்தவிடத்துப் பன்னிரண்டரை! அறுபதில் ஒரு பங்கே எஞ்சுகின்றது. மிகுதியெல்லாம் விமானம் பறந்துகொண்டிருக்கும்பொழுதே கழிந்துவிடுகின்றது.

இவ்வளவு கழித்தும் படம் கண்ணுக்கு இனிதாய்த் தோன்றுவது எங்ஙனம்? இரண்டு உபாயங்களை இங்கே குறிப்பிடல் வேண்டும். முதலாவது, படத்தைச் சிறுசிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மெல்ல மாறும் ஒளியையும் விரைந்து மாறும் நுண்விவரத்தையும் வேறாக்கி, கண் எளிதிற் கவனியாத நுண்விவரத்தைக் குறைத்தெழுதுதல். இதற்கு அடிப்படையான கோசைன் உருமாற்றத்தை நசீர் அகமது, ரி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர் 1974 ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். பெங்களூரிலே பிறந்த நசீர் அகமது, இவ்வாராய்ச்சிக்கென 1972 இல் அமெரிக்க தேசிய விஞ்ஞான நிதியத்திடம் பொருளுதவி கேட்டபொழுது அது மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்ட அக்கருத்தின் வழித்தோன்றல்களே இன்று உலகிலுள்ள கைத்தொலைபேசிகளிலெல்லாம் இயங்குகின்றன.

இரண்டாவது உபாயம், ஒரு சட்டகத்தை முழுமையாக எழுதிவிட்டு, அடுத்து வருவனவற்றில் மாறிய பகுதியை மட்டும் எழுதுதல். முன்னைய சட்டகத்தில் இங்கிருந்த சதுரம் இப்பொழுது அங்கே நகர்ந்துள்ளது எனக் குறிப்பெழுதினாற் போதும். சதுரத்தை மறுபடியும் எழுத வேண்டியதில்லை. நிலத்திலே நிறுத்திய கமராவுக்கு இவ்வுபாயம் மிகவும் எளிது. மேடையும் திரையும் அசையா, பேசுவோர் வாயும் கையுமே அசையும். ட்ரோன் கமராவுக்கோ காட்சி முழுவதும் ஒருங்கே நகர்கின்றது. பக்கவாட்டிற் சீராகப் பறக்கின் நகர்வை முன்கூட்டிக் கணித்தல் இயலும். சுழன்றும் முன்னோக்கிப் பாய்ந்தும் பறக்கின் கணிப்பு அரிதாகும். இவ்வேற்றுமைக்கு எமது ஊரே தக்க உரைகல். உட்டுறைமுகத்தின் அமைதியான நீர்ப்பரப்பின்மேற் பறந்து எடுத்த படத்தை எம்முறையாலும் இனிதே சுருக்கலாம். சுவாமிமலையின் அடியிலே பாறையில் மோதிச் சிதறும் நுரையோ அத்தகையதன்று. ஒரு சட்டகத்தில் உள்ள துளி அடுத்த சட்டகத்தில் இல்லை. பழையதைக் கொண்டு புதியதை ஊகிக்க வழியில்லை. சோழகக் காற்றில் அலையும் பனையோலையும் அத்தன்மைத்தே. இத்தகைய இடங்களிலேதான் சுருக்குமுறைகளின் வலிமையும் மெலிவும் வெளிப்படுகின்றன.

இனி அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

எச்.264 என்பது 2003 ஆம் ஆண்டிலே ஏற்கப்பட்ட நியமம். 16 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமும் கொண்ட கட்டங்களை அலகாகக் கொண்டது. இதன் பெருஞ்சிறப்பு எங்கும் செல்லுபடியாதல். பத்தாண்டுப் பழமையுள்ள கணினியிலும், மலிவான கைத்தொலைபேசியிலும், வீட்டுத் தொலைக்காட்சியிலும் இது தடையின்றி ஓடும். குறை யாதெனின், கொடுத்த இடம் போதாதவழி நுரையும் இலையும் கட்டங்கட்டமாய்க் குழைந்துவிடும்.

எச்.265 என்பது 2013 ஆம் ஆண்டிலே வந்தது. அதன் அலகு 64 புள்ளிச் சதுரம் வரை விரியும். வேண்டியவிடத்துச் சிறிதாகப் பிளவுபடும். வானம் போன்ற வெறும்பரப்பைப் பெரிய கட்டமாக எழுதிச் சேமித்த இடத்தை நுரைக்கும் ஓலைக்கும் அளிக்கும். ஒத்த தரத்துக்கு எச்.264 கேட்கும் இடத்தில் ஏறத்தாழ அரைப்பங்கு போதும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பு. ஆயினும் இதனை விரித்துக் காட்டக் கணினி மிகவும் உழைத்தல் வேண்டும். மேலும், காப்புரிமை உடையோர் ஒரே அணியில் நில்லாது பல அணிகளாய்ப் பிரிந்து கட்டணம் கேட்டமையால், இதன் பரவல் தாமதித்தது.

அக்கட்டணத் தொல்லைக்கு மாற்றாகப் பல நிறுவனங்கள் கூடி 2018 இல் வெளியிட்டதே ஏ.வி.1. கட்டணமின்றி எவரும் கையாளத்தக்கது, சுருக்குந்திறனில் எச்.265 இனையும் விஞ்சவல்லது. ஆனால் எழுதுதற்கு மிகுந்த காலமும் கணிப்பு வலிமையும் கேட்பது. யூடியூப் போன்ற தளங்கள் பார்வையாளருக்குப் படத்தை அனுப்பும்பொழுது இதனைப் பயன்படுத்துகின்றன. நம்மவர் கையிலுள்ள ட்ரோன்கள் எழுதுவனவோ எச்.264, எச்.265 என்னும் இரண்டே.

புரோரெஸ் என்பது அப்பிள் நிறுவனம் 2007 இல் வெளியிட்ட வேறு வகை. முன்னைய சட்டகத்தைச் சாராது ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனியே எழுதுவது. ஆகையால் தொகுப்போர் எந்தச் சட்டகத்தில் வேண்டுமாயினும் விரைந்து வெட்டலாம், ஒட்டலாம், வண்ணம் திருத்தலாம். மவிக் 3 சினே என்னும் விலையுயர்ந்த ட்ரோன் இதனையும் வானிலே எழுதவல்லது. அதற்கெனவே 1 ரெராபைற் கொள்ளளவுள்ள சேமிப்பகத்தை உள்ளே சுமக்கின்றது. அதன் உயர்தர வகை, நான்காயிர அளவிலே செக்கனுக்கு 30 சட்டகத்துக்கு 884 மெகாபிற் கேட்கும். இருபது நிமிடப் பறப்புக்கு 130 கிகாபைற்றுக்கு மேலாகும். அதே பறப்பினை 100 மெகாபிற் அளவிலே எழுதின் 15 கிகாபைற் போதும். நல்லதுதான்; எனினும் ஊர்ப் பள்ளியின் விழாக் குழுவுக்கு இயல்வதன்று.

சுருக்குமுறையோடு சேர்த்து நோக்கவேண்டிய மற்றொன்று வண்ணப் படிகளின் எண்ணிக்கை. எட்டுப் பிற் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். பத்துப் பிற் முறையில் 1,024 படிகள். உட்டுறைமுகத்தின் மேற்கே சூரியன் சாயும்பொழுது வானம் பொன்னிறத்திலிருந்து கருநீலமாக மெல்ல மாறுவதை நாம் அறிவோம். எட்டுப் பிற்றில் எடுத்த படத்திலே, வண்ணந் திருத்தியபின் அம்மாற்றம் மாடிப்படிபோலப் பட்டைபட்டையாய்த் தெரியும். பத்துப் பிற்றில் அக்குறை பெரிதும் நீங்கும். ட்ரோன்களிலே பத்துப் பிற் வசதி பெரும்பாலும் எச்.265 உடனேயே வருகின்றமையின், அம்முறையைத் தெரிதற்கு இஃது இன்னுமொரு காரணமாகும்.

எனவே பிடிப்பதற்கு எச்.265, இயலுமாயின் பத்துப் பிற், கருவி தரும் மிகவுயர்ந்த பிற் வீதம். இது எமது முடிபு. ஐயமுள்ளோர் ஒரே காலை வேளையில், ஒரே உயரத்தில், ஒரே பிற் வீதத்தில், இரு முறையாலும் கடல் நுரையை எடுத்து, ஒரு சட்டகத்தை நிறுத்தி வைத்து ஒப்பு நோக்குக. வானத்தைப் பாராது நுரையைப் பார்க்க, வேற்றுமை விளங்கும்.

இதற்கு மாறாகச் சில கூற்றுகள் உண்டு. அவற்றை ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது.

எச்.265 எமது பழைய கணினியில் ஓடாதே, எச்.264 இலேயே எடுத்தாலென்ன என்பர் சிலர். கணினி பழையதென்பது இன்றைய குறை, நாளை தீரும். வானிலே கழிக்கப்பட்ட விவரமோ என்றும் திரும்பாது. இடைக்காலத்துக்கு வழியும் உண்டு. மூலத்தினின்றும் சிறிய பதிலிக் கோப்புகளை ஆக்கி, அவற்றைக்கொண்டு தொகுத்து, முடிவிலே மூலத்தைப் பொருத்திக்கொள்ளும் வசதி இன்றைய தொகுப்பு மென்பொருள்களில் உள்ளது. அன்றியும், கணினிக்கு இடமிருப்பின் தொகுப்பு வேலைக்கு மட்டும் புரோரெஸ் ஆக மாற்றிக் கையாண்டு, வேலை முடிந்ததும் அதனை அழித்துவிடலாம்.

ஐம்பது ஆண்டின் பின் எச்.265 கோப்பைத் திறக்கும் கருவி இருக்குமோ என்பர் வேறு சிலர். நல்ல வினா. இந்நியமத்தின் முழு விவரத்தையும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் எவரும் பெற்றுக்கொள்ளுமாறு வெளியிட்டுள்ளது. மூலநிரல் திறந்து கிடக்கும் வி.எல்.சி. போன்ற மென்பொருள்கள் அதனை வாசிக்கின்றன. இலக்கணம் அச்சிலிருக்கும் மொழியைப் பின்வந்தோர் கற்றுக்கொள்வர். அஞ்சவேண்டுவது கோப்பின் மொழியை அன்று. கோப்பே இல்லாது போதலை.

அங்ஙனமாயின் ஆவணக் காப்பகங்கள் போற்றும் இழப்பற்ற முறையாகிய எவ்.எவ்.வி.1 ஆக எல்லாவற்றையும் மாற்றிவிடலாமே என்பர் கற்றறிந்த சிலர். பழைய நாடாக்களை எண்முறைக்குக் கொணர்தற்கு அது தக்கதே. ட்ரோன் எழுதிய கோப்பிலோ இழக்கவேண்டியது முன்னரே இழக்கப்பட்டுவிட்டது. சிறு குடத்து நீரைப் பெருங்குடத்தில் ஊற்றினால் நீர் பெருகாது; குடமே பெருக்கும்.

இவையெல்லாம் அறிவோடு கூடிய கருத்து வேற்றுமைகள். எம்மை வருத்துவது மற்றொன்று. விழா முடிந்து ஒரு திங்கள் கழிந்தபின், “அந்தப் படம் எங்கே?” என வினவினால், “வாட்ஸ்அப்பில் வந்ததே” என்னும் விடையே கிடைக்கின்றது. எடுத்தவர் தகட்டை அடுத்த வேலைக்காக அழித்துவிட்டார். குழுவிடம் இருப்பது அவர் அனுப்பிய சுருக்கம். உறவினரிடம் இருப்பது அச்சுருக்கத்தின் சுருக்கம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை இதுவே. மூன்றாம் கையில் வந்த படத்திலே மைதானத்து மாணவர் முகமிலாப் புள்ளிகளாகின்றனர்; கடல் நீலக் களிமண்ணாகின்றது. ஒவ்வொரு முறை சுருக்கும்பொழுதும், முன்னைய சுருக்கத்தின் பிழையை உண்மையெனக் கொண்டு அதன்மேற் புதிய பிழை ஏற்றப்படுகின்றது. ஊகத்தின்மேல் ஊகம். கோட்டை வாயிற் கல்வெட்டைக் காலமும் பகைவரும் சிதைத்தனர். இதனையோ நாமே நம் கையாற் சிதைக்கின்றோம். வாட்ஸ்அப்பில் அனுப்பத்தான் வேண்டுமெனின், காணொளியாக அன்றி ஆவணமாக அனுப்பினால் அது சுருங்காது செல்லும். இச்சிறு செய்தியைத்தானும் அறியாதார் பலர்.

இடம் போதாது என்னும் சாக்கும் இனிச் செல்லாது. 100 மெகாபிற் அளவிலே எழுதிய காணொளி 1 ரெராபைற் வன்தட்டொன்றில் 22 மணித்தியாலம் அடங்கும். ஒரு கல்லூரியின் பலவாண்டு விழாக்களுக்கு அது போதும். வான்படம் மீண்டும் எடுக்கக்கூடியது என்னும் எண்ணமும் எமது ஊருக்குப் பொருந்தாது. கடற்படைத் தளமும் சீனக்குடா விமானப்படைத் தளமும் அமைந்த ஊர் இது. சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் விதிகளுக்கு அமைந்தும், பாதுகாப்புத் துறையினரின் அனுமதி பெற்றும் அன்றி இங்கே ட்ரோன் பறக்கவிடுதல் தகாது. 2019 ஏப்ரில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் நாடெங்கும் ட்ரோன் பறத்தல் சில காலம் முற்றாகத் தடுக்கப்பட்டமையும் நினைவுகூரத்தக்கது. இத்துணைத் தடைகளைக் கடந்து பெற்ற இருபது நிமிடப் பறப்பினைத் தகடு வேண்டுமென்று அழித்துவிடுதல் அறிவுடைமை ஆகுமா?

இங்கே காக்கப்படுவது விழாவின் ஆரவாரம் மட்டுமன்று. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எமது மாவட்டத்தின் கரையோரத்தை அடித்துச் சென்றது. அதற்கு முன்னைய நாளிலே கரை எங்கிருந்தது, எத்தனை வீடு நின்றது, எவ்விடத்துத் தென்னஞ்சோலை இருந்தது என்பதை இன்று முதியோர் நினைவிலேயே பெரிதும் தேடவேண்டியுள்ளது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபொழுது, வேறிடத்திற் படியில்லாத ஏடுகள் மீளா வண்ணம் அழிந்தன. ஒரேயொரு படியை ஒரேயோரிடத்தில் வைத்தல் எத்துணை இடருடைத்து என்பதை எம்மினம் பெருவிலை கொடுத்துக் கற்றது. 2005 இலிருந்து நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் மலர்களையும் எண்முறையிற் காத்து வருவது அப்பாடத்தின் பயனென்றே கொள்ளலாம். ஏட்டுக்குச் செய்ததைக் காட்சிக்கும் செய்தல் வேண்டும்.

எனவே பழைய மாணவர் சங்கங்களுக்கும் விழாக் குழுக்களுக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் இது. படம் பிடிப்பவரை அமர்த்தும்பொழுதே, தொகுத்த படத்தோடு மூலக் கோப்புகள் அனைத்தையும் கையளித்தல் வேண்டுமென எழுத்திற் பொருந்திக்கொள்க. அவர் கையளிக்கும் கோப்புகளின் பெயரையும் மாற்றாது, வடிவையும் மாற்றாது பேணுக. சில ட்ரோன்கள் இடமும் உயரமும் குறிக்கும் சிறு எழுத்துக்கோப்பினையும் உடன் எழுதும். அதனையும் விட்டுவிடாது சேர்த்து வைக்க. இரண்டு வன்தட்டுகளிற் படியெடுத்து, ஒன்றைக் கல்லூரியிலும் மற்றொன்றை வேறூரில் அன்றேல் வேறு நாட்டில் வாழும் பழைய மாணவரிடத்தும் வைக்க. ஆண்டுக்கொருமுறை இரண்டையும் திறந்து பார்க்க. சில ஆண்டுகளுக்கொருமுறை புதிய தட்டுக்கு மாற்றுக. நாள், இடம், பறக்கவிட்டவர், பெற்ற அனுமதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உடன் வைக்க. பலர்க்கும் வழங்குதற்கு எச்.264 இல் எத்தனை படி வேண்டுமாயினும் ஆக்கிக் கொடுக்க. அதனால் மூலத்துக்கு ஊறில்லை.

சுருக்கம் என்பது தீமையன்று. அஃதின்றேல் இவ்வான்படங்களே நமக்குக் கிட்டியிரா. ஒருமுறை சுருக்குதல் தேவையின் பாற்பட்டது; மறுமுறை சுருக்கி மூலத்தை அழித்தல் சோம்பலின் பாற்பட்டது. அடுத்த விழா மலரை ஆக்கப்போகும் இளைஞர் எவரோ, அவர் இன்றைய படத்தை விரித்து ஒரு மாணவன் முகத்தையும், ஒரு பனையின் நிழலையும், கரையின் எல்லையையும் தெளிவாகக் காணல் வேண்டும். அதற்கு வேண்டுவது புதிய கருவியன்று; இருப்பதை இருந்தவாறே ஒப்படைக்கும் ஒழுங்கு ஒன்றே. அவ்வொழுங்கினை இவ்விழாவோடு தொடங்குவோமாக.